ஒரு குடம் நல்ல தண்ணீர்

அத்தை பிலோமினா குடத்தை இடுப்புக்கு ஏற்றுவதற்குள் ஜெனிதா அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இத எடுக்காதே அத்தே. அப்பாவுக்குக் கைப்பம்பு தண்ணி போதும்."

பட்டினப்பாக்கத்தில் அந்தச் சந்து முழுக்க உப்புத் தண்ணீர்தான். நேற்று தண்ணீர் லாரி வரவில்லை. வீட்டில் நல்ல தண்ணீர் இந்த ஒரு குடம். உள்ளே பெஞ்சின் மேல் அப்பா மிக்கேல் கிடந்தார். விடியற்காலையில் மூச்சு நின்றுபோயிருந்தது.

"இன்னாடி பேசற? ஆயுசு பூரா உப்புலயே ஊறுன மனுசன். கடைசிக் குளியலாவது நல்ல தண்ணில குளிக்கட்டும். பெத்த அப்பனுக்கு ஒரு குடம் தண்ணி தர மன்சு வர்லியா?"

வாசலில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். காலையிலிருந்து ஜெனிதா அழவில்லை; அதையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். அவள் பார்வை நீல டிரம்மின் மேல் இருந்தது. அதில் அப்பா நட்ட திராட்சைக் கொடி சன்னல் கம்பியில் வெறும் குச்சியாகச் சுற்றிக் கிடந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்து வீட்டார் பாசமாகக் கொடிக்குப் பம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். கத்திரி வெயில் வேறு. முதலில் இலையோரம் தீய்ந்தது. பிறகு எல்லாமே உதிர்ந்தது. வீடு திரும்பியவர் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"சாவல. உப்பு தாங்காம எலய உதுத்துட்டு உள்ள உசுர வெச்சுக்கினு கீது. டெய்லி நல்ல தண்ணி நெறய ஊத்து. கீய ஓட்ட வழியா உப்பு எறங்கிடும். நடுவுல உட்டுடாத."

"செடிக்கா?" என்றாள் அத்தை, டிரம்மைப் பார்த்து. ஜெனிதா பிடியை விடவில்லை. குடம் இருவர் கையிலும் அப்படியே நின்றது.

"அந்த ஆளும் இப்டித்தான். தங்கச்சி வந்தா காபிக்குத் தண்ணி இல்லம்பாரு. அதுக்கு மட்டும் ஊத்துவாரு." அத்தை கையை எடுத்தாள்.

அத்தை மகன் ஜான் பம்பு அடித்துக் கொண்டுவந்து குளிப்பாட்டினான். துடைத்து ஃபேனுக்கு அடியில் கிடத்தியபோது, நெற்றியோரம் மெல்லிய வெள்ளைக் கோடு காய்ந்து நின்றது. அவர் மீன் பிடித்துக் கடலிலிருந்து வரும் நாட்களில் நிற்பது போல. அத்தை முந்தானையை எடுத்தாள். துடைக்காமல் விட்டுவிட்டாள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஜெனிதா குடத்தை டிரம்முக்குள் மெதுவாகச் சாய்த்தாள். மண் குடித்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து டிரம்மின் அடி ஓட்டையிலிருந்து பழுப்பாகக் கசிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

கரித்தது.

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. காலிக் குடத்தோடு நடந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கி முன்னால் இடம் விட்டார்கள்.

அவள் கடைசியில் போய் நின்றாள்.