பெருக்கல் குறி மட்டுமே செல்லும்

முப்பத்தெட்டுப் பேர் படிக்கிற எட்டாம் வகுப்பில் நாற்பத்தோரு ஓட்டு விழுந்திருந்தது. அதிகப்படியான மூன்றையும் போட்டது யார் என்பது அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்று சமூக அறிவியல் வாத்தியார் நம்பிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் அவரேதான்.

எல்லாம் ஒரு சுற்றறிக்கையால் வந்த வினை. சட்டத்தை மதித்தல், சுதந்திரம், சமத்துவம், ஒற்றுமை, சகிப்புத்தன்மை ஆகிய ஐந்தும் நாட்டின் பொது விழுமியங்கள்; ஒவ்வொரு வகுப்பும் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுவரில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும்; வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்து பார்ப்பார். மற்ற ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'ஒற்றுமை' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். எழுத்தும் குறைவு, பெயின்ட்டும் மிச்சம். நம் வாத்தியாருக்குத்தான் கை சும்மா இருக்காதே. குடியுரிமை என்பது நடத்துகிற பாடமல்ல, வாழ்ந்து காட்டுகிற பாடம் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை வாயைவிட்டுத் தொலைத்திருந்தார். ஆகவே ரகசிய வாக்கெடுப்பு.

ஐந்து விழுமியங்களுக்கும் ஆதரவாக ஐந்து பேர் பேச வேண்டும். நான்குக்கு அடிதடி. சட்டத்தை மதித்தலுக்கு மட்டும் ஆள் இல்லை. வாத்தியார் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்திருந்த பெண்ணை எழுப்பினார். எந்தக் கேள்விக்கும் "தெரியல சார்" என்பதைத் தவிர வேறு பதிலே சொல்லாததால் அவளுக்குப் பெயரே 'தெரியல' என்று ஆகிவிட்டிருந்தது. இதைச் சாக்கிட்டாவது அவள் வாயைத் திறக்கட்டும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். அவர் சறுக்கி விழுந்த இடங்களையெல்லாம் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு நல்ல எண்ணம் கிடக்கும்.

அவள் நான்கு வாக்கியம் பேசினாள். கையிலிருந்த தாள் ஆடிய ஆட்டத்தில் மூன்றாவது வாக்கியத்தை இரண்டு தடவை படித்தாள். யாரோ சிரித்தார்கள்.

ஓட்டுப்பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின். மூடிக்கு நாடா ஒட்ட வேண்டும் என்றான் தேர்தல் அதிகாரி. "நம்ம வகுப்புதானேப்பா, நம்பிக்கை போதும்" என்றார் வாத்தியார். அந்தத் தேர்தல் அதிகாரி அவருடைய சொந்த மகன். உறவுமுறை வேண்டாம் என்று அவர் மறுத்தபோது வகுப்பே கத்தியது: "சார், கூட்டல் தப்புன்னு அரை மார்க்கை உங்ககிட்டயே திருப்பிக் குடுத்தவன் சார் அவன்!" பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவன் அவரை அப்பா என்றுகூடக் கூப்பிடமாட்டான். சார்தான்.

எல்லோரும் ஓட்டுப் போட்டு முடித்த மதிய இடைவேளையில் அறை காலியாக இருந்தது. வாத்தியார் சும்மா, சீட்டுகள் துளையில் சிக்கியிருக்கின்றனவா என்று பார்க்கத்தான் டின்னைத் திறந்தார். சிக்கவில்லை. ஆனால் சட்டத்தை மதித்தலுக்கு ஓட்டும் இல்லை. ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டது அவர். தாள் ஆடியதைப் பார்த்தது அவர். வகுப்பு முன்னால் 'சைபர்' என்று வாசிக்கும்போது அவள் முகம் போகிற போக்கை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த சீட்டுகளில் மூன்றை எடுத்தார், குறி போட்டார், உள்ளே தள்ளினார். சட்டத்தை மதிப்பதற்காகக் கள்ள ஓட்டுப் போட்ட முதல் மனிதர் தாமாகத்தான் இருக்கும் என்று தோன்றியபோது கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. சீட்டுகளை எண்ணுவார்கள், தலைகளையும் எண்ணுவார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை.

"சுதந்திரம் பத்தொம்போது. சமத்துவம் பதினொண்ணு. ஒற்றுமை நாலு. சகிப்புத்தன்மை நாலு." அதிகாரி கடைசிக் கட்டை எடுத்தான். கொஞ்ச நேரம் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். "சட்டத்தை மதித்தல்... மூணு."

முன்பெஞ்சுப் பெண், வகுப்பில் எல்லோருக்கும் வக்கீலம்மா, வாய்க்குள்ளேயே கூட்டிவிட்டாள். "நாப்பத்தொண்ணு! சார், மூணு ஓட்டு ஜாஸ்தி!"

"எண்ணுனதுல ஏதாச்சும்..." என்று இழுத்தார் வாத்தியார்.

"அதிகாரி எண்ணுனா தப்பாகாது சார். அதிகமா வந்ததும் மூணு. கடைசி பெஞ்சுக்கு விழுந்ததும் மூணு." வக்கீலம்மா திரும்பினாள். முப்பத்தாறு தலைகள் கூடவே திரும்பின.

"நான் இல்ல" என்றாள் தெரியல.

"அப்ப யாரு?"

"தெரியல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "திருடி" என்று ஒரு குரல், அதை வாங்கி இன்னொரு குரல். வாத்தியார் மேஜையைத் தட்டினார். மறு ஓட்டெடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்றார். முடியாதாம். முதலில் விசாரணைக் குழுவாம். ஆறாம் பாடம், தொண்ணூறாம் பக்கம், அவரே அடிக்கோடு போடச் சொன்ன பத்தி. பரீட்சையில் ஒரு பயலுக்கும் நினைவுக்கு வராத பத்தி, இப்போது பார்த்து ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. குழு மறுநாள் காலை முதல் பாடவேளையில் கூடும் என்று முடிவாயிற்று. சாயங்கால மணி அடிக்கும்வரை அந்த 'திருடி' பெஞ்சுக்குப் பெஞ்ச் போய்வந்துகொண்டிருந்தது. வாத்தியார் கரும்பலகையை அழித்தார். சுத்தமான பலகையை இன்னொரு தடவை அழித்தார்.

சொல்லிவிடலாம் என்றுதான் தலைமை ஆசிரியையிடம் போனார்.

"மேடம், அந்த ஓட்டு விஷயத்துல ஒரு சின்ன..."

"பெயின்டர் ஏணியோட வந்து உக்காந்திருக்கார் சார். எல்லா வகுப்பும் முடிஞ்சிடுச்சு, உங்களது மட்டும்தான் பாக்கி. எதையாவது எழுதச் சொல்லுங்க."

"அதில்ல மேடம், தப்பு வந்து என் பக்கம்..."

"பாத்துக்கலாம் சார், பாத்துக்கலாம்" என்று தொலைபேசியை எடுத்துவிட்டார். ஒரு மனிதன் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேடி வந்தால்கூட வாங்கிக்கொள்ள ஆளில்லாத பள்ளிக்கூடம்! வராந்தாவில் பெயின்டர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். "என்ன சார் எழுத?"

"பாத்துக்கலாம்" என்றார் வாத்தியார், எரிச்சலாக.

வீட்டில் அதைவிட மோசம். மகன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். "என்னடா ஆச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல." "யார் மேலயாவது கோவமா?" என்றால் "அப்படில்லாம் இல்ல." கடைசியில் அவனாகவே ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா, செல்லாத ஓட்டுன்னு தெரிஞ்சும் ஒரு அதிகாரி அதை எண்ணினா என்ன பண்ணுவாங்க?"

"வேலை போயிடும். ஏன், யாரு எண்ணுனா?"

"சும்மா கேட்டேன்." தட்டைக் கழுவப் போய்விட்டான்.

மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் இருப்பவள். எந்த வண்டி, எத்தனை மணி, எந்த மேடை என்று ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குப் பட்டுப்பட்டென்று பதில் சொல்கிறவள்.

"இவனுக்கு என்னதான் ஆச்சு?" என்று அவளைக் கேட்டார்.

"உங்களுக்கே தெரியணும்."

"தெரிஞ்சா ஏன் கேக்கறேன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்" என்று துணியை மடிக்க ஆரம்பித்தாள். ஆயிரத்தோராவது ஆளுக்குக் கவுன்டர் மூடியாகிவிட்டது.

இரவு, மறுநாளைக்கான பாடக்குறிப்பில் கோடு போட ஸ்கேல் தேடினார். மகனின் ஜியோமெட்ரி பாக்ஸ் மேஜையில் கிடந்தது. திறந்தார். காம்பஸுக்கு அடியில், நான்காக மடித்த மூன்று சீட்டுகள்.

விரித்துப் பார்த்ததும் காதுமடல் சூடாகிவிட்டது. விதியைக் கரும்பலகையில் எழுதியவர் அவர்தான்: பெருக்கல் குறி மட்டுமே செல்லும், வேறு எந்தக் குறியும் செல்லாது. அந்த மூன்று சீட்டுகளிலும் பெருக்கல் குறி இல்லை. 'சரி' குறி இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக விடைத்தாள் திருத்திய கை அல்லவா, கேட்டுக்கொண்டா போடும்? அதுவும் எப்படிப்பட்ட சரி! வால் நீண்டு, மேலே ஏறி, நுனியில் ஒரு சொடுக்கு. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் ஒரு பரீட்சை எழுதிய குழந்தைகூட, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், இது யார் குறி என்று சொல்லிவிடும்.

செல்லாது என்று சொன்னால் தூக்கிக் காட்ட வேண்டும். தூக்கிக் காட்டினால் வகுப்பே பார்த்துவிடும். அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்த பையன் அதனால்தான் செல்லும் என்று எண்ணியிருக்கிறான். கடைசி பெஞ்சைப் பார்த்து எல்லோரும் கத்தியபோது வாயைத் திறக்காமலும் இருந்திருக்கிறான். வாத்தியார் பாக்ஸை மூடினார். ஒருவன் கெட்டால் பரவாயில்லை. வீட்டுக்குள் கள்ளத்தனத்துக்கு ஒரு தொழிற்சாலையே திறந்தாகிவிட்டது.

காலையில் விசாரணைக் குழு மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. நடுவில் வக்கீலம்மா. அதிகாரி பக்கத்தில் நின்றான், முகம் வெளிறியிருந்தது. தெரியலயை எழுந்து முன்னால் வரச் சொன்னார்கள். அவள் பாதி தூரம்தான் வந்திருப்பாள்.

வாத்தியார் அறையின் பின்னால் நின்று கையைத் தூக்கினார். யாரும் கவனிக்கவில்லை. சுட்டுவிரலை நீட்டி இன்னும் உயரத் தூக்கினார்.

"சார், பாத்ரூமா?" என்றது ஒரு குரல்.

"குழுத் தலைவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மூணு ஓட்டையும் போட்டது நான். அதிகாரி, சீட்டைக் காட்டுப்பா."

மகன் அவரையே பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து மூன்றையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான். அடுத்த நொடி வகுப்பின் கூரை பறந்தது.

"சாரோட சரி!"

"சரி செல்லாது சார், நீங்கதான் எழுதிப் போட்டீங்க!"

"அதிகாரி பாத்துட்டே எண்ணியிருக்கான்டா!"

"ஆமா, எண்ணினேன்" என்றான் அதிகாரி. "தப்புதான். நான் விலகிக்கறேன்." அவன் கண்ணில் நீர் நின்றது, ஆனால் தோள் இறங்கி, மூச்சு வந்துவிட்டது.

கதவுக்கு வெளியே ஏணி உரசியது. "சார், இன்னிக்காவது ஏதாவது எழுதலாமா?"

"கொஞ்சம் இருங்கய்யா!" என்று கத்திவிட்டு வாத்தியார் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். தெரியல பாதி வழியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, நேத்து அவ்ளோ பேச்சு கேட்டியே, என்னைத் திட்டணும்னா திட்டு" என்றார். "உனக்கு சைபர்னு வாசிச்சா தாங்கமாட்டியேன்னுதான் போட்டேன். சைபர் வந்திருந்தா அழுதிருப்பதானே?"

அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள். வாத்தியார் அந்த ஒரு சொல்லுக்குத் தயாரானார். அவள் நிமிர்ந்தாள்.

"இல்ல சார். எனக்கு சைபர் வரும்னு தெரியும். நானே சுதந்திரத்துக்குத்தான் போட்டேன். நேத்து எல்லாரும் என்னைத் திருடின்னு சொன்னப்ப நீங்க இங்கயேதான் நின்னீங்க, போர்டு அழிச்சிக்கிட்டு. அதுக்குத்தான் சார் வீட்டுக்குப் போய் அழுதேன்."