பாஸ்கல் குத்திய ஐந்து வேஃபர்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அவமானத்திலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் குடைய வேண்டாம். என் எழுதுமேசை டிராயரின் சாவி தொலைந்துபோனது. பூட்டு ரிப்பேர்காரர் வந்தார். இரண்டு கம்பியை உள்ளே விட்டார், "சாருக்கு எந்த ஊரு?" என்றார், நான் பதில் சொல்வதற்குள் திறந்துவிட்டார். ஆறு வருஷமாக என் அரைகுறைக் கதைகளை அந்தப் பூட்டை நம்பித்தான் வைத்திருந்தேன். "இது வேஃபர் பூட்டு சார், சும்மா பேருக்கு" என்றார். உள்ளே கிடந்த கதைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "1952ஆம் ஆண்டின் ஒரு காலையில் துறைமுகத்தின் மேல் சூரியன் மெல்ல..."

(வேண்டாம். சூரியன் பாட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டும்.)

இரண்டாம் முயற்சி: "பாஸ்கல் திருடன் அல்ல."

(இப்படி ஆரம்பித்தால் எவன் நம்புவான்?)

சரி, நேராகவே சொல்கிறேன். ராயபுரத்துப் பாஸ்கலுக்கு வயது இருபத்தேழு. ஹார்பர் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்கு. (கம்பெனி பேரைக் கேட்காதீர்கள், அது நான் கட்டியது.) சுதந்திரம் வந்ததும் கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பலேறினார்கள். மேசைகளை விட்டுவிட்டு, சாவிகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பத்தொன்பது டிராயர்கள் பூட்டியே கிடந்தன. அத்தனையும் நல்ல தேக்கு, உடைக்க மேனேஜருக்கு மனசு வரவில்லை. பாஸ்கல் ஒரு குடைக்கம்பியை ராவி வளைத்து, சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து, ஒரே மாதத்தில் பத்தொன்பதையும் திறந்தான். ஒன்றில் ஒற்றைக் காலுறை. ஒன்றில் காலி மருந்துப் புட்டி. ஒன்றில் பூட்டுக் கம்பெனியின் விலைப்பட்டியல், படத்தோடு. உள்ளே என்ன இருந்தால் அவனுக்கென்ன? கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்காகத்தான் திறந்தான். அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. பழைய பூட்டுகளைத் தேடி வாங்கி, திறந்து, பூட்டி, மறுபடி திறந்தான்.

3

(அவசரக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பிறகு புரியவில்லை என்று என்னிடம் வரக் கூடாது.)

பூட்டுக்குள் ஓர் உருளை. அதன் குறுக்கே ஐந்து மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சாவி நுழைய ஓட்டை, பக்கத்தில் தம்மாத்தூண்டு ஸ்பிரிங். ஸ்பிரிங் தள்ளுவதால் தகடு உருளைக்கு வெளியே தலையை நீட்டி, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். உருளை திரும்பாது. சரியான சாவி போனால் ஐந்தும் உள்ளே அடங்கும், உருளை திரும்பும். சாவி இல்லாதவன் ஒரு கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் தகடுகளை ஒவ்வொன்றாக அமுக்குவான். கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் அது எதிர்ப்பக்கம் தலையை நீட்டும். பொறுமைசாலியின் விளையாட்டு இது.

அந்தத் தகட்டுக்கு விலைப்பட்டியலில் போட்டிருந்த பேர்தான் வேஃபர்.

4

பாஸ்கலுக்கும் அதே ஆபீஸ் டைப்பிஸ்ட் ஐரீனுக்கும் கல்யாணம் பேசி, கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் இரண்டு பேரையும் வாசிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் கல்யாணம். முதல் ஓலை ஆயிற்று, இரண்டாம் ஓலையும் ஆயிற்று. பாஸ்கல் கோயில் வாசலிலேயே தோஸ்து துரையைப் பிடித்துக்கொண்டான்.

"காலைல அஞ்சு வேஃபர்டா. நாலு ஒயுங்காப் போச்சு. அஞ்சாவது மொறச்சிகினு இருந்துச்சு. கம்பியால ஒரு குத்து. கப்புனு உள்ள பூடுச்சு."

பின்னால் நின்றவர் ஐரீனின் அம்மா சிலுவையம்மாள். கன்னியர் மடத்துச் சமையற்கட்டில் பூசைக்கான அப்பம் சுடுகிறவர். வெளிநாட்டுச் சிஸ்டர்கள் அந்த அப்பத்துக்குச் சொல்லும் பேர் வேஃபர். சிலுவையம்மாளுக்குத் தெரிந்த இங்கிலீஷே மூன்று சொல்: சைலன்ஸ், சால்ட், வேஃபர்.*

* அந்தக் காலத்தில் பூசையில் கிறிஸ்துவின் உடலாகக் கொடுக்கும் நன்மை அப்பத்தைச் சாமியார் விரலைத் தவிர வேறு விரல் தொடக் கூடாது. கம்பியால் குத்தக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. அப்படி ஒருவன் பிறப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

5

சிலுவையம்மாளை முதலில் நான் வில்லியாகத்தான் எழுதினேன். "அவள் கண்களில் வஞ்சம்..." என்று ஒரு வரி. அடித்துவிட்டேன். புருஷன் இல்லை, இருப்பது ஒரே பெண். அந்த அம்மாவுக்குப் பயம், அவ்வளவுதான்.

அப்பத்தைக் குத்தியவன் என்று அவர் தடை சொல்ல, சனிக்கிழமை மத்தியானம் சாமியார் அறையில் பஞ்சாயத்து. பாஸ்கல் ஒரு பூட்டைக் கொண்டுவந்து கழற்றி, ஐந்து தகடுகளையும் சாமியார் மேசையில் வரிசையாக வைத்தான்.

"இதாங்க அத்தே வேஃபர்."

சிலுவையம்மாள் ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்தார். பித்தளை. சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போதுமா? தடை இல்லையே?" என்றார்.

"இருங்க சாமி" என்றார் சிலுவையம்மாள். "அப்போ இந்தப் புள்ள அப்பத்தத் தொடல. பூட்டத்தான் நோண்டிகினு கீது."

"ஆமாங்கத்தே."

"ஊராமூட்டுப் பூட்ட."

சாமியார் சிரிப்பு நின்றுவிட்டது. பாஸ்கல் தகடுகளை அவசரமாகச் சேர்த்து அள்ளினான். அப்பத்தைக் குத்தியிருந்தால்கூடச் சாமியார் காதில் பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்து கழுவிவிடலாம். பூட்டுத் திறக்கிறவன் என்று ஹார்பரில் பேர் பரவினால் வேலையும் போகும், ஐரீனும் போவாள். இத்தனை நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்ததை நினைத்து அவனுக்கு அவன் மேலேயே ஆத்திரம் வந்தது.

(இந்த இடத்தில் நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அவனைக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. ஐரீனுக்குத் தெரிந்திருந்தது.)

6

பஞ்சாயத்தில் ஓரமாக நின்றிருந்த ஐரீன், பாஸ்கலையும் அம்மாவையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் மேசைமுன் நிறுத்தினாள். கம்பெனி கழித்துக்கட்டிய பழைய மேசை, அதே மாதிரிப் பூட்டு.

"நாளைக்கு மூணாவது ஓலை. உன்னக் கட்டிக்கிறேனா இல்லியான்னு என் பதில ஒரு காயிதத்துல எழுதி இதுக்குள்ள வச்சிக்கிறேன். சாவி என்கிட்ட. நான் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வர்ற வரைக்கும் இது மூடியே இருக்கணும்."

"தொறந்து மூடினாத் தெரியாது ஐரீன்" என்றான் பாஸ்கல். அவன் நேர்மையைப் பாருங்கள்.

"தெரியாதுன்னு தெரிஞ்சிதான் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முக்காட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

7

முடிவு, முதல் வகை: பாஸ்கல் திறக்காமல் உட்கார்ந்திருந்தான், ஐரீன் வந்தாள், சுபம்.

(நல்ல பிள்ளை. ஆனால் கதை எங்கே?)

இரண்டாம் வகை: திறந்தான். காயிதத்தில் "நீ தொறப்பேன்னு எனக்குத் தெரியும்" என்று...

(சாமர்த்தியம். என் பெண்சாதி படித்துவிட்டுக் காயிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.)

உண்மையில் நடந்தது நான் திட்டம் போடாதது. அரைமணி நேரம் பாஸ்கல் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு டிராயரையே பார்த்தான். எதிரே சிலுவையம்மாள் ஜெபமாலை உருட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"நைனா."

"இன்னாங்கத்தே?"

"அவ சின்னதுலேந்தே அயுத்தக்காரி. வாயத் தொறந்து ஒண்ணு சொல்ல மாட்டா." ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டார். "உனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"எதுக்கு?"

"இத்தத் தொறக்க."

பாஸ்கல் கையைத் தொடைக்கடியில் இன்னும் அழுத்திக்கொண்டான்.

"வாணாம்னு எய்திக்கிறாள்னா? உன் மாதிரி பொய் சொல்லத் தெரியாத புள்ள எனக்கு எங்க கெடைப்பான்? ஒரு தபா பாத்துடு நைனா. வாணாம்னு இருந்தா, நான் அவகிட்டப் பேசி மனச மாத்துறேன்."

சற்றுமுன் அவனைத் திருடனாகப் பார்த்தவர். இப்போது அவருக்கு அவன் வேண்டும். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. திறக்காவிட்டால் இந்த அம்மா மனசு முறியும். திறந்தால் ஐரீனுக்குத் துரோகம். ஐரீனுக்குத் தெரியவே தெரியாது என்பது வேறு அவனைப் போட்டு அரித்தது.

காயிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். ஐரீன் எழுதும்போது என்னையும் வெளியே போகச் சொல்லிவிட்டாள். கம்பியை அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது வரைக்கும்தான் நான். ஐரீன் கோயிலிலிருந்து வந்து தெருமுனை திரும்பிவிட்டாள், நடையில் அவசரமே இல்லை. சிலுவையம்மாள் மறுபடி, "உம், சீக்கிரம்" என்கிறார். பாஸ்கல் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும் உங்களைத்தான் பார்க்கிறான். இன்னா சொல்றீங்க?