பிந்தி வரும் ராசாவின் பாலைவனம்

சவேரியார்புரத்தில் மாரி மழை விடாமல் ஊற்றும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அனிஸ்ரனின் முன்னறைக்குள் மட்டும் கச்சான் காற்று அடிக்கிறது. வெளியே வாடையும் மழையுமாய்க் கடல் கொந்தளித்து, வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடக்கும்போது, அந்த அறையின் கொடியில் போட்ட சேலை முக்கால் மணித்தியாலத்தில் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும். முல்லைத்தீவுக் கரையில் கச்சான் என்பது வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று. மார்கழியில் அதற்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தும் வருகிறது. ஊரில் இதைப் பற்றி இப்போது யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை காயாத வீட்டார் மட்டும் குடையும் கையுமாக வந்து, கொடியில் இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அனிஸ்ரன் கரைவலைக்குப் போகிறவன். வருடம் தவறாமல் கோயிலில் நத்தார் எனும் கிறிஸ்மஸ் பண்டிகைக்குப் பாலன் குடில் கட்டுகிறவனும் அவன்தான். அந்தக் குடிலைக் கைத்தொலைபேசியில் பார்த்துத்தான் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஸ்ரனிஸ்லஸ், தனக்கு ஒரு பாலைவனம் செய்து தரும்படி கேட்டான். ஸ்ரனிஸ்லஸிடம் ஆக்‌ஷன் பிகர் என்று சொல்லப்படும் பொம்மைகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. ஆறு அங்குல உயரம், முழங்காலும் முழங்கையும் மடங்கும், நாற்பது வயதுக்காரர் ஆசையாய்ச் சேர்க்கும் பொம்மைகள். அவற்றை நிறுத்திவைக்க ஒன்றரை அடி நிலம் வேண்டும், அது பாலைவனமாக இருக்கவேண்டும் என்றான். அளவு பார்ப்பதற்காக, முக்காடு போட்ட ஒரு வனாந்தர வழிப்போக்கன் பொம்மையையும் விடுமுறையில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான்.

பாலைவனத்தை அனிஸ்ரன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மணலை அவனளவுக்குக் கண்டவர்கள் குறைவு. எந்த மணல்மேட்டைக் காட்டினாலும் எந்தக் காற்று அதைக் கட்டியது, கட்டி எத்தனை நாள் என்று சொல்லிவிடுவான். மீன் அடைக்கும் வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகளில் உடைந்தவற்றைப் பொறுக்கிவந்து, சூடாக்கிய கத்தியால் சீவி மேடு பள்ளம் செய்தான். கடல் மணலை ஏழு தண்ணீரில் கழுவி உப்பெடுத்து, குசினியில் தாச்சியில் போட்டு வறுத்தான். நாம் மிதிக்கிற மணல் ஆறு அங்குல மனிதனுக்குச் சரளைக்கல் என்பது அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கியிருந்தது. அதனால் மனைவி டிலுசா கோயிலுக்குத் தலையில் போடும் பழைய நெற் முக்காட்டை வாங்கி, மூன்று மடிப்பாக்கி, மாவைப்போல அரித்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த மணலைத் தொட்டவர்கள் கையைக் கழுவ மனம் வராமல் நின்றிருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவன் ஸ்ரனிஸ்லஸ் அனுப்பிய படங்களை விட்டு விலகினான். படங்களில் மணல் சும்மா குவிந்து கிடந்தது. காற்று எது என்று தெரியாமல் மணலைக் குவிக்க அனிஸ்ரனுக்குக் கை வராது. வறண்ட இடம்தானே என்று கச்சானைத் தெரிவு செய்தான். மேற்குப் பக்கம் சாய்வாகவும் கிழக்குப் பக்கம் செங்குத்தாகவும் ஒவ்வொரு மேட்டையும் சீவினான். ஒரு சூரை மீனின் முள்ளால் மணலில் வரி வரியாகக் கீறினான். பதினெட்டு நாள் வேலை. கார்த்திகை மாதத்து ஒரு பின்னேரம் வழிப்போக்கனை எடுத்து நடுவில் நிறுத்தினான். மேடுகள் அவ்வளவு சரியாக இருந்தபடியால் கச்சான் அடிக்கத் தொடங்கியது.

அந்த மாரியில்தான் டிலுசா முதன்முறையாகப் படுத்து நித்திரை கொண்டாள். அவளுக்கு முட்டு வருத்தம். மழை தொடங்கினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கத் தொடங்கும். சுவரில் ஈரம் ஏற ஏற மூச்சு இறங்காது. மார்கழி முழுவதும் கதிரையில் இருந்தபடியே விடியும். இரண்டு தடவை ஆசுபத்திரியில் கையை விரித்த நிலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள். அடுத்த மாரியை நினைத்துச் சித்திரை மாதத்து வெயிலிலேயே அனிஸ்ரன் பயந்துகொண்டிருப்பான். இப்போது அந்த ஒன்றரை அடிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு அவள் பிள்ளையைப்போலத் தூங்கினாள். அவன் அவளைப் பார்த்தபடி இருந்து, சந்தோசத்தில் அழுதான்.

ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. பாலைவனமும் வழிப்போக்கனும் ஒரே பெட்டியில் கனடாவுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் டிலுசா பழையபடி கதிரைக்குப் போனாள். அங்கே ஸ்ரனிஸ்லஸ் வீட்டு நிலவறையில் கச்சான் அடித்து, யன்னலுக்கு வெளியே கிடந்த பனி இரண்டு அடி தூரத்துக்கு உருகியது. அதைப் படமெடுத்து அனுப்பினான். அவனுடைய கூட்டாளிகள் எல்லாரும் தங்களுக்கும் வேண்டுமென்றார்கள்.

அனிஸ்ரன் முதல் வேலையாக வீட்டுக்கென்று ஒன்று கட்டினான். முந்தியதைவிட அழகாக வந்தது. காற்று வரவில்லை. நிற்க ஆளில்லாத பாலைவனத்தில் எதற்குக் காற்று என்று பிறகுதான் யோசித்தான். முல்லைத்தீவுக் கடைக்குப் போய்க் கிரிக்கெட் மட்டை பிடித்த பொம்மை ஒன்றையும், கழுத்தில் குழாய் போட்ட டொக்டர் பொம்மை ஒன்றையும் வாங்கிவந்தான். துவக்கோடு நின்ற பட்டாளப் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தான். கிரிக்கெட்காரனும் டொக்டரும் மணலில் நின்றார்களே தவிர, ஒரு தூசும் அசையவில்லை. டொக்டரிலாவது நம்பிக்கை வைத்திருந்த டிலுசாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் முட்டாகியது.

மூச்சு ஆறியதும் அவள்தான் சொன்னாள். "இஞ்சேருங்கோ, இவைக்கு அங்கால போய்ச் சேர ஒரு இடமில்லை. அந்த முக்காட்டுக்காரன் எங்கையோ போய்க்கொண்டெல்லோ இருந்தவன்."

பாலைவனத்தைக் கடந்து போகவேண்டிய ஆட்கள் சவேரியார்புரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பிறந்த பாலனைக் காணிக்கையோடு தேடி வந்த மூவிராசாக்களின் குடில் சிலைகள். ஒருவர் முழந்தாளில் நின்றார். ஒருவர் ஒட்டகத்தோடு ஒட்டப்பட்டிருந்தார். வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினைக் கொண்டுவருகிறவர் மட்டும், ஒரு சாண் உயரத்தில், ஒரு காலை முன்வைத்து நடக்கிற மாதிரி நின்றார். ஆனால் அவரைக் கேட்கவேண்டியது புனிதம் அக்காவிடம். கோயில் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவ அவா. யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் சொந்தத் தையல் மெசினை விட்டுவிட்டு, அந்தக் குடில் சுரூபங்களைச் சீனிச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவ. ஒன்பது இடம் மாறி, முகாமும் இருந்து, ஓர் ஆட்டுக்குட்டிகூடக் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து வைத்தவ. ஊரில் அவாவுக்கு எதிர்க்கதை கதைக்கிறவர் இல்லை.

"கொண்டு போ தம்பி," என்றா. "ஆனா ராசாக்கள் திருநாளுக்கு இவர் பாலனுக்கு முன்னால நிக்கவேணும். எத்தினை இடம் ஓடினம், ஒண்டையும் துலையவிடேல்லை நான்."

"ஓம் அக்கா, கட்டாயம் கொண்டந்து தாறன்."

ஒரு சாண் ராசாவுக்கு ஒன்றரை அடி நிலம் காணாது. அனிஸ்ரன் மூன்று பலகைகளைச் சேர்த்து ஏழடி நீளத்துக்குப் பாலைவனம் கட்டினான். ராசாவை ஒரு தலைப்பில் வைத்தான். கச்சான் தொடங்கியது. அடுத்த நாள் விடியப் பார்த்தபோது ராசா நாலு விரற்கடை தள்ளி நின்றார், பின்னால் அடிச்சுவடுகள் இருந்தன. நடக்கிறவர் ஒரு நாள் போய்ச் சேர்ந்துவிடுவார், சேர்ந்தால் காற்று நின்றுவிடும் என்று அவனுக்குப் பொறி தட்டியது. ஆகவே ராசா கடந்த பலகையைக் கழற்றி முன்னால் கொண்டுபோய்ப் பொருத்தினான். அரை நாள் ராசா அசையாமல் நின்றார், காற்றும் படுத்துவிட்டது. கண்ட மேட்டையே திரும்பக் கண்டால் யார்தான் நடப்பார்கள்? அன்றைக்கே அந்தப் பலகையை வழித்துப் புதிதாகச் சீவினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், கடலுக்குப் போன நாளிலும் போகாத நாளிலும், ராசாவுக்கு முன்னால் நாலு விரற்கடைக்குப் புது நிலம் கட்டினான். ஒரு மேடு இன்னொரு மேட்டைப்போல் இருக்கவில்லை. பாறை வைத்தான், காய்ந்த முட்செடி வைத்தான், ஒருநாள் ஆசைக்கு ஒட்டகத்தின் எலும்புகூட வைத்தான். ஒரு மனுசன் மனுசியில் வைத்த அன்பை இப்படி அடி கணக்கில் கண்டதில்லை என்று ஊர்ப் பெண்கள் தங்கள் தங்கள் கணவன்மாருக்குச் சொல்லிக் காட்டினார்கள்.

மழை நாளில் காயாத கருவாடும் அங்கே காய்ந்தது. டிலுசா வீடு கூட்டினாள், சமைத்தாள், முற்றத்து வெள்ளத்தை யன்னலால் எட்டிப்பார்த்து மழையை வாய்க்கு வந்தபடி பேசினாள். அதற்கெல்லாம் மூச்சு இருந்தது.

தை ஆறாம் திகதி, ராசாக்கள் திருநாள் விடிய, கொட்டுகிற மழையில், அனிஸ்ரன் ராசாவைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோய்ப் புனிதம் அக்காவின் கையில் கொடுத்தான். கொடுக்க வேண்டாம் என்று டிலுசா சொல்லவில்லை. தனக்காகப் பாலன் காத்திருக்கக் கூடாது என்றாள். மூன்று ராசாக்களும் பாலனுக்கு முன்னால் நின்றார்கள். பூசை முடிந்து சனம் குடை விரிக்கும் நேரத்தில், அனிஸ்ரன் டிலுசாவைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடுவதை எல்லாரும் கண்டார்கள். அவளுடைய உதடு நாவல் பழ நிறத்தில் இருந்தது. வீதியில் முழங்காலுக்குத் தண்ணீர். ஓட்டோ பாலத்தடியில் நின்றுவிட, மிச்சத் தூரத்தை அவன் தோளில் சுமந்து நடந்தான். ஆசுபத்திரியில் மூக்கை மூடி மருந்துப் புகை கொடுத்து, ஊசி போட்டு, மூன்றாம் நாள்தான் உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

நாலாம் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, முன்னறைக்குள் கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. ராசா பாலைவனத்தில், அனிஸ்ரன் கடைசியாகக் கட்டிய புது மேட்டுக்கு முன்னால், திரும்பவும் நடக்கத் தொடங்குகிறவர்போல நின்றார். பக்கத்தில் புனிதம் அக்கா நனைந்த சேலையோடு கதிரையில் இருந்தா.

"நான்தான் எடுத்துக்கொண்டு வந்தனான்," என்றா. "இத்தினை வருசம் இவையைத் துலையவிடாமல் காப்பாத்தினது, ஒரு பிள்ளையைத் துலைக்கிறதுக்கோ? இவர் பிந்தி வரட்டும். பாலன் சின்னப்பிள்ளைதானே, அவருக்கு என்ன அவசரம்?"

டிலுசா அவாவின் காலடியில் இருந்து, மடியில் முகத்தை வைத்து அழுதாள். அழவும் அவளுக்கு மூச்சுப் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து மாரி போய்விட்டது. அனிஸ்ரன் வெளிநாட்டுக்குப் பத்தொன்பது பாலைவனங்கள் அனுப்பியிருக்கிறான். எல்லாம் பங்குனிக்கும் ஐப்பசிக்கும் இடையில். மாரியில் அவன் ஒருவருக்காகத்தான் வேலை செய்வான். ராசாக்கள் திருநாளன்று சவேரியார்புரத்துக் குடிலில் இரண்டு ராசாக்களே நிற்பார்கள். போன வருடம் மாற்றலாகி வந்த புதுப் பாதர், குடிலைப் பார்த்துவிட்டு மற்றவர் எங்கே என்று கேட்டார்.

"வழியில நிக்கிறார் பாதர்," என்றா புனிதம் அக்கா. "மழை விடவேணும்."

பாதர் வெளியே கொட்டும் மழையைப் பார்த்தார். பூசை முடிந்து, நனைந்த அங்கியோடு அனிஸ்ரன் வீட்டில் போய்த் தேத்தண்ணி குடித்தார். ஏழடிப் பாலைவனத்தைச் சுற்றி வந்து, குனிந்து, கிழக்குச் சரிவொன்றைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி முடிவதற்குள் அங்கி காய்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு, கல்யாண ஓலைகளுக்கும் ஊர்ச் சிரமதான வேலை அறிவித்தலுக்கும் நடுவில், மூன்றாவது ராசாவின் வருகை காலநிலையைப் பொறுத்துப் பின்னர் அறிவிக்கப்படும் என்று வாசித்தார்.

அந்த வருட மழை தை இருபத்தெட்டாம் திகதி விட்டது. ராசாவைத் தானே கொண்டுபோவதாக டிலுசா சொன்னாள். கோயிலுக்கு அரை மைல் மணல் ஒழுங்கை. வெள்ளம் வடிந்த சேற்றில், அவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஓரிடத்திலும் நின்று மூச்சு வாங்காமல் நடந்தாள். அனிஸ்ரன் பின்னால் வந்தான். புனிதம் அக்கா ராசாவின் காலில் இருந்த மணலைத் தட்டிவிட்டு, மற்ற இருவருக்கும் பக்கத்தில் இடம் பார்த்து வைத்தா. அந்த நிமிடம் அனிஸ்ரனின் முன்னறையில் காற்று நின்றது. வெளியே நல்ல வெயில் எறித்ததால் யாரும் கவனிக்கவில்லை.