குறுக்குப் பட்டை

மாமனாரும் மருமகளும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே பண்ணைக்கு வந்து, முன்பின் தெரியாதவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவர் தச்சர். அவள் வெல்டர். வீட்டு மருமகள் முகமூடி மாட்டிக்கொண்டு இரும்பு ஒட்டுகிறாள் என்பது நாலு பேருக்குத் தெரிவதில் அவருக்கு இஷ்டமில்லை. இரண்டு வருஷமாக, விசாரித்தவர்களிடமெல்லாம் "ஏதோ கம்பெனிக்குப் போறா" என்று சொல்லிவைத்திருந்தார். அவளும் திருத்தவில்லை. கேட்டு வாங்குகிற மரியாதை எதற்கு என்கிற வீம்பு.

பண்ணைக்காரருக்கு இந்த வீட்டு அரசியல் தெரியாது. அவர் கவலையெல்லாம் கன்றுக்குட்டிகள். இரண்டு மாதம் முன்பு அவள் செய்து மாட்டிய பன்னிரண்டு அடி இரும்பு கேட்டின் குழாய்களுக்கு நடுவே ஒரு கன்று தலையை நுழைத்துக்கொண்டது. அதை உருவி எடுப்பதற்குள் மூன்று பேருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கேட் முழுக்கப் பலகை வைத்து அடைத்துவிடுவோம் என்று தச்சரைக் கூப்பிட்டார். பலகையை முடுக்க, ஓட்டை போட்ட இரும்புத் துண்டுகளைக் குழாயில் ஒட்டவேண்டும் என்பதால் வெல்டரையும் வரச்சொன்னார்.

மாமனார் முதல் வேலையாகக் கேட்டைச் சுற்றிவந்தார். மூலைக்கு மூலை ஓடிய குறுக்குப் பட்டையில் கை வைத்து நின்றார்.

"இது தலைகீழா இருக்குதுங்க. முட்டுன்னா கீழ் கீல்ல ஆரம்பிச்சு மேல போகணும். இங்க மேல ஆரம்பிச்சு கீழ இறங்கியிருக்கு. செஞ்சவங்களுக்கு என்ன அவசரமோ."

செஞ்சவங்க மூன்றடி தள்ளி உட்கார்ந்து வெல்டிங் ராடு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மேஸ்திரி இப்படிச் சொல்றாரு? பலகை ஏத்தினா தொங்கிடுமா?" பண்ணைக்காரர் அவளிடம் கேட்டார்.

"தொங்காது சார்."

"நாப்பது வருஷமா கதவு செய்றவரு."

"மரக் கதவு செய்றவரு. மரத்துல ஆணி இழுவை தாங்காது, அதனால கீழேருந்து முட்டுக் கொடுக்கணும். என் பட்டை முட்டு இல்ல சார். மேல் கீல்லேருந்து எதிர்ப்பக்கக் கீழ் மூலையை இழுத்துப் பிடிச்சிருக்கு, வாளியைக் கயிறு பிடிக்கிற மாதிரி. அவர் சொல்ற பக்கம் திருப்பினா இந்த மெல்லிசுப் பட்டை மடங்கிரும்."

"வாய் நல்லா வேலை செய்யுது" என்றார் மாமனார், வானத்தைப் பார்த்து.

பண்ணைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு இழுக்குறதும் தெரியாது, தாங்குறதும் தெரியாது. அறுத்துத் திருப்பி ஒட்டிடுறியா? இல்ல, தொங்கினா நீயே கழட்டி எடுத்துட்டுப் போயிடணும். நான் டவுன்ல வேற வாங்கிக்கிறேன்."

அறுத்து ஒட்ட ஒரு மணி நேரம் போதும். மாமனார் பேச்சு ஜெயித்துவிடும், வீட்டிலும் சத்தமிருக்காது. ஆனால் அவள் சொந்தப் பட்டறை போட்டு முதல் முதலாகச் செய்த கேட் அது. பரம்பரையிலேயே முதல் ஆளாகப் படிப்பை முடித்துச் சான்றிதழோடு போய் நின்றபோது, நான்கு கம்பெனிகள் அவளை டெலிபோன் பக்கத்தில் உட்காரச் சொன்னன. ஐந்தாவது இடத்துக்கு அவள் போகவில்லை, ஒரு வெல்டிங் மெஷின் வாங்கினாள்.

"தொங்கினா எடுத்துட்டுப் போறேன். அறுக்க மாட்டேன்."

மாமனார் நான்கு அங்குல மரக்கட்டை ஒன்றை, கேட்டின் தாழ்ப்பாள் மூலைக்குக் கீழே தரையில் வைத்தார். கட்டைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு அட்டை நுழையும் அளவு சந்து. கேட் இறங்கினால் கட்டை சிக்கிக்கொள்ளும். பேச்சே வேண்டாம்.

அவள் துண்டுகளை ஒட்டிக்கொண்டே போக, அவர் கீல் பக்கமிருந்து பலகையை நிறுத்தி போல்ட் முடுக்கிக்கொண்டே வந்தார். மழையில் பலகை உப்பினால் இடம் வேண்டுமென்று, இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தார். ஒரு பலகையும் நூல் பிசகவில்லை. மனுஷன் வேலை இவ்வளவு சுத்தமாக இருந்து தொலைக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் அவர் குனிந்து கட்டையை அசைத்துப் பார்ப்பார். அது அசையும்.

பன்னிரண்டாவது பலகைக்குக் கட்டை அசையவில்லை.

அவர் நிமிர்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். வேறு பக்கம் பார்த்தார். பொறி பட்டு ஓட்டை விழுந்த அவள் சட்டை கொடியில் காயும்போதும் அவர் இப்படித்தான் பார்ப்பார்.

"இறங்கிடுச்சா?" பண்ணைக்காரர் ஓடிவந்தார்.

அவள் சுத்தியலின் பின்புறத்தால் குறுக்குப் பட்டையைத் தட்டினாள். விறைப்பாக ஒலித்தது. ஒட்டு எங்கும் கீறலில்லை. பட்டை விட்டுக்கொடுக்கவில்லை என்றால் வேறு எது? தூணுக்குப் பின்னால் போய் மேல் கீலின் நட்டைத் தொட்டாள். அது விரலுக்கே சுற்றியது.

"சார், கடப்பாரை கொடுத்து அந்த மூலையைக் கொஞ்சம் தூக்குங்க."

பண்ணைக்காரர் தூக்க, நட்டை ஒன்றரைச் சுற்று முடுக்கினாள். அதற்குமேல் இன்னொரு நட்டும் போட்டு இறுக்கினாள்.

"தினம் திறந்து மூடுனதுல தளர்ந்திருக்கு. ரெண்டாவது நட்டு அன்னிக்கே போட்டிருக்கணும், அது என் தப்பு. பட்டை தப்பில்ல."

கட்டை மறுபடி அசைந்தது. மாமனார் மீதி ஆறு பலகையையும் ஏற்றினார். கடைசி போல்ட்டை முடுக்கிய பிறகும் அசைந்தது.

அவருக்கு அது போதவில்லை. கட்டையை எடுத்து ஓரமாகப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தாழ்ப்பாள் மூலையில் கீழ்க் குழாய்மேல் ஏறி நின்றார். அறுபது வயசு உடம்பு. இரண்டு தரம் அழுத்திக் குதித்தார்.

"மேஸ்திரி, விழுந்து வைக்காதீங்க."

"தள்ளுங்க" என்றார் அவர்.

பண்ணைக்காரர் ஒற்றைக் கையால் தள்ளினார். பதினெட்டுப் பலகையையும் ஒரு தச்சரையும் சுமந்துகொண்டு கேட் கிறீச் என்ற சத்தமில்லாமல் அரைவட்டம் போய் நின்றது. மாப்பிள்ளை ஊர்வலம் போகிறவர்போல அவர் முகத்தில் அவ்வளவு கம்பீரம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் இறங்கினார். பட்டையை விரலால் சுண்டினார்.

"இழுத்துத்தான் பிடிக்குது." பிறகு பண்ணைக்காரரிடம் திரும்பினார். "என் மருமகளுங்க."

"யாரு?"

"இந்த வெல்டர்தான். என் பெரிய பையன் சம்சாரம்."

"அடப்பாவமே, காலையிலேருந்து யாரோ எவரோ மாதிரி முறைச்சுக்கிட்டு நின்னீங்க?" பண்ணைக்காரர் சிரித்தார். "அதானே பார்த்தேன். மாமனார் சொல்லிக்கொடுத்த வேலையா, அதான் இவ்வளவு நேர்த்தி."

அவளுக்குச் சுர்ரென்றது. முகமூடியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலீங்க. நான் சொன்னதைக் கேட்டிருந்தா உங்க கேட் இந்நேரம் மடங்கிக் கிடக்கும். அவளா படிச்சா, அவளா செஞ்சா. பக்கத்துப் பண்ணையில யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

அவள் முகமூடியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மெஷின் ஒயரை முழங்கையில் சுற்றி முடித்தாள். வேண்டுமென்றே பண்ணைக்காரர் காதில் விழும்படி சொன்னாள்.

"மாமா, ஒரு பக்கம் பிடிங்க. மெஷின் கனம்."

பிடித்தார்.