பின்வாசல் லாரிகள்

அந்தக் குழுவில் அவளுக்குப் பெயர் ஜன்னலக்கா. செல்போன் குழுதான், நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாது. எல்லாரும் ஒரே கம்பெனியின் பங்கைச் சிறுகச் சிறுக வாங்கி வைத்துக்கொண்டு, ஏறுமா ஏறுமா என்று இரண்டு வருஷமாக அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள்.

கம்பெனியின் சரக்கு ஒளியில் பேசும் சிப். பெரிய கம்ப்யூட்டர் கூடங்களில் ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் செம்புக் கம்பியில் போகிறது. கம்பி சூடாகிறது, கரண்டைத் தின்கிறது. அதையே வெளிச்சத்தில் அனுப்பிவிட்டால் அந்தத் தலைவலியில் பாதி குறையும். குழுவுக்கு இதைப் புரியவைத்தவர், அதை ஆரம்பித்த மருந்துக் கடைக்காரர். "செம்புக்குக் காலம் முடிஞ்சுதுங்க, இனி வெளிச்சம்தான்" என்று தினமும் காலையில் வணக்கத்துக்குப் பதிலாக எழுதுவார். ஜன்னலக்காவின் சமையலறை டியூப்லைட் பல நாளாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. அதை மாற்றத் தெம்பில்லாதவள் உலகத்தின் வெளிச்சத்துக்குப் பணம் போட்டிருந்தாள்.

அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். இரண்டாவது மாடி, ஜன்னலோர மேஜை. நாள் முழுக்க யாரோ ஒருவருடைய தாடையின் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, மெழுகில் பல் பதித்து, ராவி, மறுபடியும் ராவி, மூக்கெல்லாம் பிளாஸ்டர் தூசியாக வீட்டுக்குப் போவாள். ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தக் கம்பெனியின் பின்வாசல். அதுதான் அவளுடைய பதவி.

கம்பெனிக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தரம்தான் வாயைத் திறப்பார்கள். நடுவில் இருக்கிற நாட்களை நாற்பது பேரும் எப்படித்தான் தள்ளுவது? ஒருவர் கம்பெனியின் வேலை விளம்பரங்களை எண்ணினார். இன்னொருவர், பெரிய அதிகாரி தன் படத்தில் சிரிக்கிறாரா இல்லையா என்று ஆராய்ச்சி பண்ணினார். ஜன்னலக்கா, கொஞ்ச நாளாக வர ஆரம்பித்திருந்த லாரிகளை எண்ணினாள். "இன்னைக்கு ரெண்டு லாரி, காலியா வந்துச்சு, நிறைஞ்சு போச்சு" என்று எழுதினால் போதும், குழுவில் கல்யாணக் களை வந்துவிடும். சரக்கு போகிறது என்றால் ஆர்டர் வந்திருக்கிறது. ஆர்டர் வந்திருக்கிறது என்றால் விடிந்துவிட்டது.

அவள் தன் பணத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. கொஞ்சம்தான், போனால் போகட்டும். கவலையெல்லாம் தம்பியின் பணம்தான். வீடு மாற்றும் கம்பெனியில் லாரி ஓட்டி, பீரோவும் கட்டிலும் தூக்கித் தூக்கி, அவன் முதுகு நாற்பது வயதுக்குள் நைந்துபோயிருந்தது. ஒரு சின்னக் கடை பிடித்து உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போய்விட வேண்டும் என்று அவன் சேர்த்த பணம் அத்தனையும் அந்தப் பங்கில் கிடந்தது. வாங்கச் சொன்னவள் அக்கா. "அக்கா சொன்னா சரி" என்று ஒரு கேள்வி கேட்காமல் போட்டவன் தம்பி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் அவளுக்கு இத்தனை பாரம் இருந்திருக்காது.

அன்று காலையிலேயே வரிசையாக நாலு லாரி. இத்தனை அவள் பார்த்ததே இல்லை. கையில் இருந்த கடைவாய்ப் பல்லைக் கீழே வைத்துவிட்டுக் குழுவில் எழுதினாள். அவ்வளவுதான், ஆளாளுக்குக் குதித்தார்கள். மதியத்துக்குள் பங்கு விலை ஏறியது. மருந்துக் கடைக்காரர் எழுதினார்: "ஜன்னலக்கா சொன்னா சொன்னதுதான். நான் இன்னும் வாங்கப் போறேன். யாரு எவ்வளவு வித்தாலும் எடுத்துக்கறேன்."

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தபடி மறுபடி எட்டிப் பார்த்தாள். நாலாவது லாரியின் பின்பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அந்த உட்கார்தல் அவளுக்குத் தெரியும். தம்பிக்குப் போன் போட்டாள்.

"நீ இங்க என்னடா பண்றே?"

"உனக்கே போன் போடணும்னுதான் உட்கார்ந்திருந்தேன்கா. காலையிலதான் இடம் சொன்னாங்க. போர்டைப் பார்த்ததும் சந்தோஷமா இருந்துச்சு, நம்ம கம்பெனியாச்சேன்னு. உள்ள போய்ப் பார்க்கலாம்னு போனேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நாங்க ஏத்துறது சரக்கு இல்ல. மேஜை, நாற்காலி, ஏசி, தண்ணி மெஷின், எல்லாத்தையும் அட்டையில சுத்தி ஏத்துறோம். சுவத்துல இருந்த கண்ணாடியக்கூடக் கழட்டிட்டாங்க. இந்த வாரத்தோட காலி பண்றாங்களாம். ரெண்டு மாசமா வாடகை லாரியில எங்க ஆளுங்கதான் வந்துட்டிருக்காங்க, எனக்கு இன்னைக்குத்தான் முறை வந்துச்சு."

அவள் டப்பாவை மூடி வைத்தாள்.

"நீ என்கிட்ட என்னக்கா சொன்னே? அந்த சிப்பு நகத்தளவுதான்னு சொன்னியே. வருஷம் பூரா செஞ்சாலும் ஒரு கார் டிக்கியில அடங்கிடுமே. அதுக்கு எதுக்கு லாரி?"

நாற்பது பேர். கணக்கு வாத்தியார் இருந்தார், வங்கிக்காரி இருந்தாள், வெளிச்சம் எப்படி வளையும் என்று படம் போட்டுக் காட்டிய மருந்துக் கடைக்காரர் இருந்தார். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. லாரி வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், லாரி வந்தது, கும்பிட்டார்கள். கண்ணால் பார்த்தவள் அவள். முதல் முட்டாளும் அவள்தான்.

"இப்ப என்னக்கா பண்ணட்டும்?" என்று கேட்டான் தம்பி. வழக்கம்போல.

குழுவில் இப்போதே சொல்லிவிட வேண்டும். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. சொன்ன மறு நிமிஷம் விலை பாதாளத்துக்குப் போகும், தம்பியின் கடை அதோடு போகும், இன்னும் பத்து வருஷம் அவன் பீரோ தூக்க வேண்டும். சொல்லாமல் விற்றால் வாங்கப் போவது யார் என்பதும் தெரிந்தது. கீழே தம்பி ஒரு கையை முதுகுக்குக் கொடுத்து எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"வித்துடு," என்றாள். "எல்லாத்தையும். இப்பவே."

"குழுல சொல்லிட்டியா?"

"நீ முதல்ல வித்துடுடா."

தன்னுடைய பங்கை அவள் விற்கவில்லை. அதையாவது இழப்போம், அதுதான் நியாயம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மனசு அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் குழுவில் மருந்துக் கடைக்காரர் சிரிப்புப் பொம்மையோடு எழுதினார்: "யாரோ ஒரு அவசரக்காரன் மொத்தமா தள்ளிவிட்டான். எல்லாம் நம்ம கைக்கு வந்தாச்சு."

அதற்குப் பிறகுதான் அவள் எழுதினாள். லாரியில் போனது சரக்கில்லை, சாமான், கம்பெனி காலியாகிறது, நான் தப்பாகப் பார்த்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். இரண்டு தரம் அடித்துத் திருத்தினாள். எப்போது தெரிந்தது என்று எழுதவில்லை.

 குழுவில் கூச்சல், கேள்வி, வசவு. வங்கிக்காரி, "உங்க கண்ணுல என்ன கொள்ளியா?" என்று கேட்டாள். அது அவளுக்கு இதமாகத்தான் இருந்தது. இன்னும் நாலு பேர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். விலை சரிந்துகொண்டே போனது. மதிய வேலை தொடங்கி, எல்லாரும் தலை குனிந்து பல் ராவ ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போது மருந்துக் கடைக்காரர் அவளுக்கு மட்டும் தனியாக எழுதினார். "யார் என்ன சொன்னாலும் மனசு விடாதீங்கக்கா. பார்த்ததைச் சொன்னீங்க, தப்புன்னு தெரிஞ்சதும் அதையும் சொன்னீங்க. எனக்கு இன்னைக்குப் பலமான அடிதான். ஆனா உங்க தம்பியை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு, அவர் பணம் முழுக்க இதுல இருக்குன்னு சொல்லியிருந்தீங்களே. முதுகு வலி மாத்திரைக்கு இனிமே அவரை என் கடைக்கே அனுப்புங்க. காசு வேண்டாம்."

அவள் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது திரும்ப அடித்தது. தம்பி.

"என்னக்கா சொல்றாங்க?"

"மருந்துக் கடைக்காரர் உன்னை வரச் சொல்றார். மாத்திரை வாங்கிக்கணுமாம்."

"எதுக்கு?"

"உன் பணம் போயிடுச்சுன்னு. காசு வேண்டாமாம்."

 லாரியின் கதவை யாரோ இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் வேற கடையில வாங்கிக்கிறேன்கா," என்றான்.