ஜன்னலை அடைத்த அட்டை

சுமலதாவுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஓசூர் காசநோய்ப் பிரிவில் ஒன்பது வருடமாக வீடு வீடாக அலைகிறவள், இந்த மூன்று நோயாளிகள் விஷயத்தில் கோட்டை விட்டிருந்தாள்.

ஒருவன் சாமல்பட்டி, ஒருவன் போச்சம்பள்ளி, இன்னொருவன் வேப்பனப்பள்ளி. ஆதாரில் இருந்த முகவரியை அப்படியே எழுதிக்கொண்டு, மூன்று ஊருக்கும் பஸ் ஏறிப் போய் வீட்டாரைப் பரிசோதித்தாயிற்று. யாருக்கும் ஒன்றுமில்லை. இப்போது சென்னை ஆய்வகம் எழுதியிருக்கிறது: மூவர் சளியிலும் ஒரே வகைக் கிருமி, சமீபத்தில்தான் பரவியிருக்கிறது. ஆளுக்கொரு மூலையில் இருப்பவர்களுக்கு அது எப்படி ஒட்டும்?

மாத்திரை வாங்க வந்த சாமல்பட்டி அஜித்குமாரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“ஊருல கடைசியா எப்பப்பா படுத்த?”

“பொங்கலுக்குப் போனதுங்கக்கா.”

“அப்ப இத்தனை நாளா எங்க தூங்கற?”

அவன் தலையைச் சொறிந்தான். “ஓனருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிருவாருக்கா. மூணு பேருன்னு சொல்லிட்டு ஆறு பேரு இருக்கறோம். போச்சம்பள்ளிக்காரன், வேப்பனப்பள்ளிக்காரன் ரெண்டு பேரும் எங்க ரூமுதான்.”

அவனோடேயே போய்ப் பார்த்தாள். சிப்காட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்த பாயில், ஷிப்டு முடிந்து வந்தவன் படுப்பான். பகல் தூக்கத்துக்கு வெளிச்சம் ஆகாதென்று, இருந்த ஒரே ஜன்னலையும் அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே அறைக்காரர்களில் இன்னொருவன், அர்பாஸ், இருமிக்கொண்டே பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

“கம்பெனித் தூசிக்கா,” என்றான். காவேரிப்பட்டணத்தில் அவன் மனைவி அஃப்ஸானாவுக்குப் பெண் பிறந்து பதினெட்டு நாள். லீவு இன்றுதான் கிடைத்திருக்கிறது.

“சளி குடுத்துட்டு, ரிசல்ட் பாத்துட்டுப் போ தம்பி.”

“பாப்பாவைப் பாத்துட்டு வந்து குடுக்கறேன்க்கா.”

“பாப்பாவுக்காகத்தான் கேக்கறேன்.”

அவன் பையைக் கீழே வைத்தான்.

சாயங்காலமே தெரிந்துவிட்டது. அவனுக்கும் காசநோய் இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அறையில் மிச்சமிருந்த இரண்டு பேருக்கு நோய் இல்லை. அவர்களுக்குத் தடுப்பு மாத்திரை எழுதினார்கள். ஓனரிடம் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாளே போய் அந்த அட்டையைத் தன் கையாலேயே பிய்த்தெறிந்தாள்.

“வெளிச்சம் ஆவலன்னா கண்ணுக்குத் துண்டைக் கட்டிட்டுப் படுங்க!”

இரண்டு மாதம் அர்பாஸ் ஒரு வேளை மாத்திரையும் விடவில்லை. குழந்தையை வீடியோவில் பார்த்தே நாளைத் தள்ளினான். சளியில் கிருமி இல்லை, ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே பஸ் ஏறினான். மத்தியானம் சுமலதாவின் போன் அடித்தது.

“அக்கா, வூட்டு வாசல்ல நிக்கறேன். தூக்கலாம்ல?”

“தூக்குப்பா.”

“முத்தம்?”

“டாக்டரே சொல்லிட்டாரு, இன்னும் என்ன? மாத்திரையை மட்டும் விட்டுராத.”

தாடி குத்தியதோ என்னவோ, குழந்தை வீலென்று கத்தியது. போனை வைக்க மனமில்லாமல் சுமலதா அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.