பிரேக் பிடித்திருந்த நேரம்

"கொடுத்து வெச்சவருங்க. ஒரே நொடில போயிட்டாரு" என்று அடுத்த வீட்டு ஆசிரியை அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவள் தலையாட்டினாள். காலையிலிருந்து எத்தனை பேருக்குத் தலையாட்டிவிட்டாள் என்று கணக்கில்லை. விரல் மூட்டுகள் வலித்ததால் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

முன்னறையில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வரும் என்றார்கள். யாரோ அவர் தலையைப் படிய வாரிவிட்டிருந்தார்கள். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷன் சீப்பைத் தொட்டதே கிடையாது. நகக்கண்ணில் இருந்த கறுப்பை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை.

"பக்கத்துலயே இருந்தீங்களாமே அண்ணி" என்றாள் நாத்தனார். "அண்ணனுக்கு அது போதும். எல்லாருக்குமா அப்படி அமையுது?"

"ம்."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

அவள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து, சமையலறை வழியாகப் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போனாள்.

அவருடைய மோட்டார் சைக்கிள் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. பெரிய முன்கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள், இருவர் சாய்ந்து உட்கார்ந்து தேசம் விட்டுத் தேசம் போகத் தோதான இருக்கை. சொந்தக்காரர்கள் அதை அவளுடைய சக்களத்தி என்பார்கள். சக்களத்தியாவது பாத்திரம் கழுவிக் கொடுப்பாள், இவளுக்கு நாமல்லவா கழுவிவிட வேண்டியிருக்கிறது என்பாள் அவள். பத்தொன்பது வருஷம் அதன் பின்னால் உட்கார்ந்து போனவள்தான். இந்த வருஷப் பயணத்துக்குத்தான் முடியாது என்றுவிட்டாள்.

"இடுப்பு தாங்காது. நான் வரலை."

"வராட்டி போ" என்றார் அவர். அதோடு வாயைப் பூட்டிக்கொண்டார்.

கோபம் வந்தால் அவருக்கு அதுதான் வழக்கம். ஒருமுறை ஒன்பது நாள் பேசாமல் இருந்திருக்கிறார். ஆனால் பிரேக் ஆயில் மாற்றும் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும், சண்டையானாலும் சமாதானமானாலும். நேற்றுக் காலை ஸ்பேனரோடு சமையலறை வாசலில் வந்து நின்று, ஷெட் பக்கம் முகவாயை ஆட்டினார். அவளும் துவைக்க வேண்டிய துணிகளை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய், ஷெட் மூலையிலிருந்த மெஷினில் போட்டாள். முதலில் இவர் பேசட்டும் என்று தீர்மானமாக இருந்தாள்.

பேசாமலே செய்யக்கூடிய வேலைதான் அது. அவர் முன்சக்கரத்தின் இடது பக்கம் குட்டை ஸ்டூலில் உட்காருவார். அவள் வலது பக்கம் நின்று பிரேக் லிவரைப் பிடிப்பாள். லிஃப்ட் குழிக்குள் குரல் எடுபடாது என்பதால் இரும்பில் தட்டியே பேசிப் பழகியவர் அவர். ஒரு தட்டு என்றால் அழுத்திப் பிடி. அவர் திருகைத் திறப்பார், பழைய ஆயில் டியூப் வழியாகப் பாட்டிலில் இறங்கும், திருகை மூடுவார். இரண்டு தட்டு என்றால் விடலாம். அதற்கு முன் விட்டால் காற்று உள்ளே போய், எல்லாம் முதலிலிருந்து. பல வருஷம் முன்பு தும்மல் வந்து ஒரே ஒருமுறை விட்டுவிட்டாள். அந்தத் தும்மலின் கதையை வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் அவர் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் தட்டாமல் அவள் விட்டதே இல்லை.

நேற்று ஏழாவது முறையோ எட்டாவது முறையோ ஒரு தட்டு கேட்டது. அழுத்தினாள். லிவர் இறங்கி ஹேண்டில்பாரைத் தொட்டது. அடுத்த சத்தம் வரவில்லை.

முன்கண்ணாடி வழியாக அவருடைய தொப்பி மட்டும் தெரிந்தது, சக்கரத்தின் பக்கம் சாய்ந்தபடி. டியூபில் குமிழி வருகிறதா என்று பார்க்கிறார் என நினைத்தாள். மூலையில் ஓடிய துணி மெஷின் பதினாலு நிமிஷம் பாக்கி என்று காட்டியது. பன்னிரண்டு ஆனபோது, வேண்டுமென்றே காக்கவைக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. பத்தில் ஒருமுறை செருமினாள். விரல்கள் மரத்துப்போயின. எட்டில்தான், "என்னங்க" என்றாள். அவள்தான் முதலில் பேசினாள். லிவரை விடாமலேதான் எட்டிப் பார்த்தாள்.

வந்த டாக்டர் எப்போது என்று கேட்டார். "இப்பதான்" என்றாள். "உடனே பாத்திருந்தா?" என்று அவளே கேட்டாள்.

"நீங்க உடனேதானேம்மா பாத்தீங்க" என்றார் டாக்டர்.

ராத்திரி முழுவதும் குழாய் சொட்டினாலும் கதவு அடித்தாலும் அவள் எண்ணினாள். ஒன்று கேட்டால் விரல்கள் தானாக மடங்கின. இரண்டாவது வராத ஒவ்வொரு முறையும் அப்படியே கிடந்தன.

"இங்கயாம்மா இருக்க?"

மகள். விடியற்காலையில்தான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். வந்தவள் வண்டியின் இடது பக்கம் போய்க் குந்தினாள். ஸ்பேனர் இன்னும் திருகிலேயே மாட்டியிருந்தது. கல்யாணமாகிப் போகும்வரை அவளும் லிவர் பிடித்தவள்தான். அவளுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. ஊரே வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போகட்டும், அவள் பயந்தது இந்த ஒருத்திக்குத்தான்.

மகள் மூடப்படாமலிருந்த திருகையே பார்த்தாள்.

"அப்பா தட்டாம நீ விட்டிருக்க மாட்டியேம்மா."

அவள் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எவ்ளோ நேரம் பிடிச்சிட்டிருந்த?"

இப்பதான் என்று இவளிடமும் சொல்லியிருக்கலாம். அவள் மெஷினைக் காட்டினாள்.

"அதுல பதினாலு இருந்துச்சு. எட்டி பாத்தப்போ எட்டு."

மகளின் உதடு அசைந்தது. கழிப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"கூப்பிடக்கூடவா இல்ல?"

"அவரே முதல்ல பேசட்டும்னு இருந்தேன்."

மகள் அழவில்லை. ஸ்பேனரைப் பிடித்துத் திருகை மூடினாள், இன்னொருமுறை இறுக்கிப் பார்த்தாள், கந்தலில் கையைத் துடைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தாங்கிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் மகளைப் பிடித்துக்கொண்டது கேட்டது.

"உங்கம்மா வாயே திறக்க மாட்டேங்குறாங்கடி. உங்கிட்டயாவது சொன்னாங்களா, என்ன நடந்துச்சுன்னு?"

அவள் சுவரில் கை வைத்து நின்றாள். மகளுக்குப் பொய் வராது. அத்தை கட்டிவந்த புதுப்புடவையை நன்றாக இல்லை என்று அத்தையிடமே சொன்னவள். இதோ சொல்லிவிடப் போகிறாள்.

"அம்மா உடனே பாத்துட்டாங்க அத்தை" என்றாள் மகள். "அப்பா ஸ்டூல்லேர்ந்து சாயறதுக்குள்ள ஓடிப்போய்த் தாங்கிட்டாங்க. மடியிலதான் போயிருக்காரு."

"ஐயோ, என் அண்ணா" என்று நாத்தனார் அழுதாள். "ஏதாவது சொன்னாராடி?"

இந்தப் பக்கம் அவள் விரல்கள் மடங்கிக்கொண்டன.

"சொன்னாராம்."

"என்னன்னு?"

"அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னாராம். யாரும் அவங்கள கேக்காதீங்க அத்தை."

"அதுவும் சரிதான்" என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சியபடி. "அது அவங்க ரெண்டு பேருக்குள்ள."

கடைசியாக ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனாராம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது அறைக்குள் தள்ளித் தள்ளிக் கேட்டது. அவள் சுவரோடு காதை ஒட்டிக்கொண்டு, மகள் மேற்கொண்டு ஏதாவது சொல்வாளா என்று கேட்டபடி நின்றாள்.